பாஸ்வேர்டு கேட்டா என்ன பண்றது? ப்ளேஸ்மெண்ட் சீசனுக்கு ஒரு பாடம்



ப்ளேஸ்மெண்ட் சீசன் வந்தாச்சு. ஆப்டிட்யூடுக்கு ரயிலும் நடைமேடையும் கணக்கு, கோடிங் ரவுண்டுக்கு லிங்க்டு லிஸ்ட்டைத் தலைகீழாத் திருப்புறது, ஹெச்.ஆர். ரவுண்டுக்கு "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்பதற்குக் கண்ணாடி முன்னாடி ஒத்திகை. எல்லாத்துக்கும் சீனியர்கள் நோட்ஸ் கொடுத்திருக்காங்க. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் யார்கிட்டயும் நோட்ஸ் இல்லை: "உங்க இன்ஸ்டாகிராமைக் கொஞ்சம் திறந்து காட்டுங்களேன்."

எல்லா கம்பெனியும் இப்படிக் கேட்கும்னு பயமுறுத்த வரலை. பெரும்பாலானவங்க கேட்க மாட்டாங்க. ஆனா கேட்டால், யோசிக்க அரை நிமிஷம்கூடக் கிடைக்காது. எதிரே ஆஃபர் லெட்டர், வீட்டில் கல்விக் கடன், வெளியே வரிசையில் உட்கார்ந்திருக்கும் அடுத்த ஆள். அந்த நேரத்தில் யாரும் தெளிவா முடிவெடுக்க முடியாது. அதனால இப்பவே, கேண்டீன் டீ கையில் இருக்கும்போதே, படிச்சு வெச்சுக்கலாம்.

கேள்வி ஒண்ணு, வடிவம் நாலு

"சோசியல் மீடியாவைக் காட்டுங்க" என்று சொல்வதில் நாலு விதம் இருக்கு. நாலும் ஒண்ணு இல்லை.

முதல் வகை: ப்ரொஃபைல் லிங்க் கேட்பது. லிங்க்ட்இன், கிட்ஹப் முகவரி. அதில் இருப்பதை உலகத்தில் யார் வேணும்னாலும் பார்க்கலாம். கொடுப்பதில் பிரச்சினை இல்லை.

இரண்டாம் வகை: பூட்டி வைத்த அக்கவுண்டுக்கு ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்புவது. கதவைத் தட்டுகிறார்கள். திறப்பதா வேண்டாமா என்பது உங்கள் கையில்.

மூன்றாம் வகை: "போனை எடுங்க, லாகின் பண்ணுங்க, நான் பக்கத்துல இருந்து பார்க்கிறேன்." பாஸ்வேர்டைக் கேட்கலையே என்று தோன்றும். ஆனால் உங்கள் கையாலேயே கதவைத் திறக்க வைக்கிறார்கள்.

நான்காம் வகை: பாஸ்வேர்டையோ ஓ.டி.பி.யையோ நேரடியாகக் கேட்பது. இது வீட்டைச் சுற்றிப் பார்ப்பது இல்லை, சாவிக்கொத்தையே வாங்கிக்கொண்டு போவது.

முதல் வகைக்கும் மற்ற மூன்றுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டுக்கங்க. இந்தப் பாடம் முழுக்க அந்தக் கோட்டைப் பத்தித்தான்.

விடை நம்ம சிலபஸ்லயே இருக்கு

செக்யூரிட்டி பேப்பர் எடுத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1975இல் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் இருவரும் கணினியில் தகவலைப் பாதுகாப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் சொன்ன வடிவமைப்புக் கொள்கைகளில் ஒன்று, ஒரு வேலையைச் செய்ய எவ்வளவு அனுமதி தேவையோ அவ்வளவு மட்டும் கொடு என்பது. குறைந்தபட்ச அனுமதி. டார்ச் ஆப்புக்கு உங்க கான்டாக்ட் லிஸ்ட் எதுக்கு? அதே கேள்விதான்.

இன்னொரு உதாரணம் ஓஆத். இரண்டாயிரங்களின் நடுவில், புது வலைத்தளத்தில் சேர்ந்தா "உங்க நண்பர்களைக் கண்டுபிடிக்கிறோம், ஈமெயில் பாஸ்வேர்டைக் கொடுங்க" என்று கேட்கும் பழக்கம் இருந்தது. மக்களும் கொடுத்தார்கள். முகவரிப் பட்டியல் மட்டும் தேவைப்பட்டவரிடம் முழு அஞ்சல் பெட்டியும் போனது. இது எவ்வளவு மோசமான வடிவமைப்பு என்று பொறியாளர்களே உணர்ந்து, 2007இல் ஓஆத் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். இன்னிக்கு "கூகுள் மூலம் உள்நுழைக" என்று அழுத்தினால் பாஸ்வேர்டு கூகுளைத் தாண்டிப் போகாது. என்ன விவரம் போகுது என்று திரையில் காட்டும். வேண்டாம்னா பிறகு ரத்து பண்ணலாம்.

எல்லை, பட்டியல், ரத்து. ஒரு நல்ல அனுமதிக்கு இந்த மூணும் வேணும். இன்டர்வியூ மேசையில் "போனைத் திறங்க" என்று கேட்கும்போது இந்த மூணுமே இல்லை. எதுவரை பார்ப்பார், எதைப் பார்த்தார், பார்த்ததை எப்படி மறக்க வைப்பது? பதினஞ்சு வருஷத்துக்கு மேலாகக் கணினிக்கே நாம் கொடுக்காத அனுமதியை, ஒரு மனிதருக்கு மட்டும் ஏன் கொடுக்கணும்?

இது நிஜமா நடந்திருக்கா?

நடந்திருக்கு. 2009 ஜூனில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் போஸ்மன் என்ற நகரத்தின் நிர்வாகம், வேலைக்கு விண்ணப்பிப்பவர்களிடம் ஃபேஸ்புக், கூகுள், யாஹூ, யூட்யூப், மைஸ்பேஸ் கணக்குகளின் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் படிவத்திலேயே எழுதச் சொன்னது தெரியவந்தது. எதிர்ப்பு வந்ததும் சில நாட்களில் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டார்கள்.

2010இல் மேரிலாந்து மாநிலச் சிறைத்துறையில் ராபர்ட் காலின்ஸ் என்ற காவலர், தாயின் மரணத்துக்காக எடுத்த விடுப்புக்குப் பிறகு மீண்டும் பணியில் சேரப் போனார். மறுசான்றுக்கான நேர்காணலில் அவருடைய ஃபேஸ்புக் பாஸ்வேர்டைக் கேட்டார்கள். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் கொடுத்தார். அவர் கண் முன்னாடியே அதிகாரி உள்ளே நுழைந்து படித்தார். சிறைக் கும்பல்களோடு தொடர்பு இருக்கா என்று பார்ப்பதற்காக என்பது துறை சொன்ன காரணம். ஏ.சி.எல்.யூ. என்ற குடிமக்கள் உரிமை அமைப்பு இதைக் கையில் எடுத்ததும், துறை அந்த நடைமுறையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தது. பிறகு "விருப்பம் இருந்தால் மட்டும்" என்று மாற்றியது.

இந்த "விருப்பம் இருந்தால்" என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. ஏற்கனவே வேலையில் இருந்த ஒரு சிறைக் காவலரே மறுக்க முடியாமல் கொடுத்தார். இன்னும் வேலையே கிடைக்காத ஃப்ரெஷர் எப்படி விருப்பத்தோடு மறுப்பார்? கேட்பவர் கையில் வேலையும், கேட்கப்படுபவர் கையில் ரெஸ்யூமேயும் மட்டும் இருக்கும்போது, "விருப்பம்" என்ற சொல்லுக்கு அர்த்தம் குறைஞ்சு போகுது.

2012 மார்ச்சில் ஃபேஸ்புக்கின் தனியுரிமைத் தலைமை அதிகாரி எரின் ஈகன், பாஸ்வேர்டு கேட்கும் நிறுவனங்களைக் கண்டித்து அறிக்கை விட்டார். பாஸ்வேர்டைப் பகிர்வதே தங்கள் விதிகளுக்கு எதிரானது என்றார். அதே ஆண்டு மேரிலாந்து சட்டம் இயற்றியது. ஊழியரிடமோ விண்ணப்பதாரரிடமோ தனிப்பட்ட கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கக் கூடாது என்று சொன்ன முதல் அமெரிக்க மாநிலம் அதுதான். 2012 அக்டோபரில் அமலுக்கு வந்தது. இல்லினாய், கலிஃபோர்னியா தொடர்ந்தன. இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்படிச் சட்டம் இருக்கு.

ஜெமினி பக்கம் வாங்க

அமெரிக்காவில் நடந்ததுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், மயிலாப்பூரிலிருந்து ஒரு ஸ்டாப் ரெண்டு ஸ்டாப் தள்ளி, ஜெமினி மேம்பாலத்துக்கு வாங்க. பாலத்தை ஒட்டி இருப்பது அமெரிக்கத் துணைத் தூதரகம். மேற்படிப்புக்குப் போகும் நம்ம சீனியர்கள் கோப்பைக் கையில் பிடிச்சுக்கிட்டு வரிசையில் நிற்கும் இடம்.

2019 மே மாத இறுதியிலிருந்து, அமெரிக்க விசாவுக்கான டி.எஸ்-160 படிவத்தில் கடந்த 5 ஆண்டுகளில் பயன்படுத்திய சோசியல் மீடியா கணக்குகளின் பெயர்களைக் கேட்கிறார்கள். 2025 ஜூனில் அடுத்த படி: எஃப், எம், ஜே வகை விசா, அதாவது மாணவர், பயிற்சி, பரிமாற்ற விசா கேட்பவர்கள் தங்கள் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கணும் என்றார்கள். 2025 டிசம்பர் 15 முதல் இது ஹெச்-1பி வேலை விசாவுக்கும், அவர்கள் குடும்பத்தினருக்கான ஹெச்-4 விசாவுக்கும் நீண்டது.

இங்கே இரண்டு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். ஒன்று, இது பாஸ்வேர்டு கேட்பது இல்லை. இன்னொரு நாட்டின் அரசு, தன் எல்லைக்குள் யாரை விடுவது என்று முடிவு செய்யும் விஷயம். கம்பெனி ஹெச்.ஆர். தன்னை ஒரு நாட்டின் அரசோடு ஒப்பிட முடியாது. "அமெரிக்காவே கேக்குது, நான் கேட்கக் கூடாதா" என்ற வாதம் நிற்காது.

இரண்டாவது, ஒரு கணக்கைப் பப்ளிக் ஆக்கினால் தூதரக அதிகாரிக்கு மட்டும் திறக்கும் வழி கிடையாது. திறந்தால் எல்லோருக்கும் திறக்கும். பழைய படங்கள், தோழிகளோடு எடுத்தவை, தம்பியின் பள்ளிச் சீருடைப் படம், எல்லாம் முன்பின் தெரியாதவர் வரை போகும். அதனால விசாவுக்கு விண்ணப்பிக்கப் போறவங்க, பொதுவில் போடக் கூடாத படங்களை, முக்கியமா மத்தவங்க இருக்கும் படங்களை, முன்கூட்டியே எடுத்துடுங்க. படிவத்தில் கேட்ட கணக்கை மறைக்காதீங்க. பொய் சொன்னால் விசாவே போகும்.

நம்ம நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கு?

பாஸ்வேர்டு கேட்கும் கம்பெனியை நேரடியாகத் தடுக்கும் மேரிலாந்து மாதிரியான தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால் நம்மிடம் எதுவுமே இல்லை என்று அர்த்தம் இல்லை. மூணு வழக்கைத் தெரிஞ்சுக்கங்க.

முதல் வழக்கு, வேலைக்குச் சேர்ந்தவரிடம் எதைக் கேட்கலாம் என்பது பற்றியது. 1989இல் எல்.ஐ.சி.யில் தகுதிகாண் பருவத்தில் சேர்ந்த ஒரு பெண், படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுத்தார். மகப்பேறு விடுப்பு எடுத்துத் திரும்பியவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். படிவத்தில் மாதவிடாய் தேதியைத் தவறாகக் கொடுத்தார் என்பது நிறுவனத்தின் வாதம். உச்ச நீதிமன்றம் 1991இல் அந்தப் படிவத்தையே எடுத்துப் பார்த்தது. மாதவிடாய் சுழற்சி, கருவுற்ற எண்ணிக்கை, கருச்சிதைவு என்று கேள்விகள். ஒரு பெண்ணின் சுயமரியாதையைக் குலைக்கும் கேள்விகள் இவை என்று சொல்லி, அவற்றைப் படிவத்திலிருந்து நீக்கச் சொன்னது. அவரை மீண்டும் வேலையில் சேர்க்கவும் உத்தரவிட்டது. நீரா மாத்தூர் வழக்கு என்று தேடினால் கிடைக்கும். பதில் சரியா தவறா என்பதற்கு முன்னாடி, கேள்வி சரியா என்று நீதிமன்றம் கேட்டது. அதைத்தான் நாமும் கத்துக்கணும்.

இரண்டாவது நம்ம தென்சென்னை வழக்கு. அடையாறைத் தாண்டினால் திருவான்மியூர். எண்பதுகளின் கடைசியில் அங்கே நடந்த கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், சிறையில் தன் வாழ்க்கைக் கதையை எழுதினார். நக்கீரன் அதை வெளியிடப் போனது. சிறைத்துறை அதிகாரி தடுக்கப் பார்த்தார். 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அரசு முன்கூட்டியே தடை போட முடியாது. நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவில் உள்ளதை வெளியிடலாம். ஆனால் அதைத் தாண்டி ஒருவரின் குடும்பம், திருமணம், கல்வி போன்ற சொந்த விஷயங்களை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிட்டால் அது அந்தரங்க உரிமை மீறல். தூக்குத் தண்டனைக் கைதிக்கே பொதுவானது ஒரு பக்கம், சொந்தமானது ஒரு பக்கம் என்று கோடு போட்டுக் கொடுத்த தீர்ப்பு அது. ஃபைனல் இயர் மாணவருக்கு அந்தக் கோடு இல்லாமப் போகுமா?

மூன்றாவது, 2017 ஆகஸ்ட் 24 அன்று வந்த புட்டசாமி தீர்ப்பு. ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி ஆதாரை எதிர்த்துப் போட்ட வழக்கில், 9 நீதிபதிகள் ஒரே குரலில் அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்றார்கள். ஆனா ஒரு வரம்பு இருக்கு. அடிப்படை உரிமைகளைப் பெரும்பாலும் அரசுக்கு எதிராகத்தான் கேட்க முடியும். தனியார் கம்பெனி மேல நேரடியா இதை வெச்சு ரிட் போடுறது பொதுவா கஷ்டம். அதுக்குத்தான் தனிச் சட்டம் தேவைப்பட்டது.

2023 சட்டம்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சட்டம் படிப்படியாக அமலாகுது. சம்மதம் பற்றிய முக்கியப் பிரிவுகள் விதிகள் வந்து 18 மாதம் கழித்துத்தான், அதாவது 2027 மே வாக்கில்தான் நடைமுறைக்கு வரும். நம்மில் பலர் வேலையில் சேர்ந்து முதல் அப்ரைசல் வாங்கும் காலத்தில் இதுதான் சட்டமா இருக்கும்.

இதில் நமக்கு வேண்டியது மூணு பாயிண்ட்.

ஒன்று: நீங்களே பொதுவெளியில் போட்ட தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சட்டத்திலேயே கொடுத்த உதாரணம், ஒருவர் தன் கருத்துகளை எழுதும்போது தன் விவரங்களைச் சோசியல் மீடியாவில் பொதுவாகப் போடுவது. ஆக, பப்ளிக் போஸ்டை ஹெச்.ஆர். படிச்சா நாம கோபப்பட முடியாது.

இரண்டு: சம்மதம் என்பது சுதந்திரமாக, குறிப்பிட்டதாக, விவரம் தெரிந்து, நிபந்தனை இல்லாமல், ஐயத்துக்கு இடமில்லாமல் கொடுக்கப்பட வேண்டும். அதோடு, சொன்ன நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டும்தான் அந்தச் சம்மதம் செல்லும். இதற்கும் சட்டம் ஓர் உதாரணம் தருகிறது: தொலைமருத்துவ ஆப் ஒன்று சிகிச்சைக்கும் கான்டாக்ட் லிஸ்ட்டுக்கும் சேர்த்து அனுமதி கேட்கிறது, நீங்களும் இரண்டுக்கும் சரி சொல்கிறீர்கள். ஆனாலும் சிகிச்சைக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே சம்மதம் செல்லும், கான்டாக்ட் லிஸ்ட்டுக்குச் செல்லாது. 1975இல் சால்ட்சர், ஷ்ரோடர் சொன்னதைத்தான் பாராளுமன்றம் சட்ட மொழியில் சொல்லியிருக்கு.

மூன்று: இதே சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு நோக்கங்களுக்காகவும், வணிக ரகசியம் கசிவது போன்ற இழப்பைத் தடுக்கவும் சில தரவுகளைச் சம்மதம் இல்லாமலே பயன்படுத்த நிறுவனங்களுக்கு இடம் தருகிறது. இந்த ஓட்டை எவ்வளவு பெரிசு, விண்ணப்பதாரர் வரை நீளுமா என்பது இனிமேல் வரப்போகும் வழக்குகளில்தான் தீரும். அதனால "சட்டம் பார்த்துக்கும்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது.

உங்க அக்கவுண்டில் நீங்க மட்டும் இல்லை

"என்கிட்ட மறைக்க ஒண்ணும் இல்லை, காட்டினா என்ன?" என்று நம்மில் நிறைய பேர் சொல்வோம். சரி, உங்களிடம் இல்லை. உங்க இன்பாக்ஸில்?

ரூம்மேட் ராத்திரி ரெண்டு மணிக்கு அனுப்பின அழுகை மெசேஜ் அங்கே இருக்கு. தோழி தன் வீட்டில் சொல்லாத காதல் இருக்கு. அம்மா அனுப்பின ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கு. ஜூனியர் ஒருத்தி சீனியரைப் பத்தி நம்பி எழுதின புகார் இருக்கு. இவங்க யாரும் அந்தக் கம்பெனியில் வேலை கேட்டு விண்ணப்பிக்கலை. அவங்க சார்பில் சம்மதம் கொடுக்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது. அக்கவுண்ட் உங்க பேரில் இருக்கலாம், ஆனா அதில் உள்ள பாதி வார்த்தை மத்தவங்களுடையது. மறுப்பதற்கு இதைவிட நேர்மையான காரணம் வேற வேண்டாம்.

இன்னொரு விஷயம், நம்ம ஊருக்கே உரியது. தமிழ்நாட்டில் பேருக்கு முன்னாடி இனிஷியல், அவ்வளவுதான். சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். அந்தப் பழக்கத்தால், நம்ம ரெஸ்யூமேயைப் படிச்சு சாதியைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அக்கவுண்டைத் திறந்தால் ரெண்டு நிமிஷம் போதும். அக்கா கல்யாண ஃப்ளெக்ஸ், குலதெய்வம் கோவில் படம், மாமா சேர்த்துவிட்ட சங்க க்ரூப், பகிர்ந்த தலைவர் படம். மதமும் கட்சியும்கூட அப்படித்தான். தெரிஞ்ச பிறகு அது முடிவைப் பாதிக்கலை என்று யார் நிரூபிக்க முடியும்? அரசு வேலையில் பாகுபாடு கூடாது என்பதற்கு அரசியல் சாசனத்தின் 16ஆம் பிரிவு இருக்கு. தனியார் வேலைக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. அப்போ ரெஸ்யூமேயில் இல்லாத விவரம் மேசைக்கு வராமல் பார்த்துக்கொள்வதே நமக்கு இருக்கும் நடைமுறைப் பாதுகாப்பு.

கம்பெனி பக்கத்து நியாயம்

அவங்க பக்கமும் கேட்போம். போலி மார்க் ஷீட், போலி அனுபவச் சான்று, ஒரே நேரத்தில் ரெண்டு கம்பெனியில் வேலை, வெளியில் வெறுப்பைக் கக்கி கம்பெனி பேரைக் கெடுக்கும் ஊழியர். இந்தக் கவலையெல்லாம் உண்மையானவை. ஆனா ஒவ்வொரு கவலைக்கும் அளவான வழி ஏற்கனவே இருக்கு.

பட்டம் உண்மையா? டிஜிலாக்கர் மூலமாகவோ பல்கலைக்கழகத்திடமோ சரிபார்க்கலாம். குற்ற வழக்கு இருக்கா? தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் காவல் சரிபார்ப்புச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். முன் அனுபவம் உண்மையா? பழைய நிறுவனத்தின் கடிதம், பி.எஃப். சேவை விவரம். பொதுவெளியில் எப்படி நடந்துக்கறார்? பப்ளிக் போஸ்ட்களைப் பார்க்கலாம். தனி மெசேஜைப் படிச்சாத்தான் தெரியும் என்று சொல்லும்படி ஒரு வேலைத் தகுதி எது? யோசிச்சுப் பாருங்க, ஒண்ணுகூட வராது.

மேசையில் உட்கார்ந்திருக்கும்போது

முதல்ல, கோபம் வேண்டாம். கேட்பவர் பல நேரம் மேலிடத்துப் பட்டியலை வாசிக்கும் ஆளாக இருப்பார். சிரிச்ச முகத்தோடு, மூணு வாக்கியம் போதும்:

"சார், என் லிங்க்ட்இன், கிட்ஹப் ரெண்டும் திறந்தே இருக்கு, லிங்க் தரேன். தனிப்பட்ட அக்கவுண்டில் மத்தவங்க மெசேஜும் இருக்கறதால அதைக் காட்ட முடியாது, பாஸ்வேர்டு பகிர்வது அந்தத் தளத்தோட விதிக்கும் எதிரானது. குறிப்பா எதைச் சரிபார்க்கணும்னு சொன்னீங்கன்னா அதுக்கான ஆவணம் ஏற்பாடு பண்றேன்."

மறுப்பு, காரணம், மாற்று வழி. மூணாவது வாக்கியத்தை விட்டுடாதீங்க. அதுதான் உங்களை முரண்டு பிடிப்பவராக இல்லாமல், யோசிச்சுப் பேசும் ஆளாகக் காட்டும். கம்பெனியின் சர்வர் பாஸ்வேர்டு நாளை உங்க கையில் வரும்போது, யாராவது கேட்டால் நீங்க எப்படி நடந்துப்பீங்க என்பதற்கும் இது ஒரு சாம்பிள்.

வேலை கைவிட்டுப் போகுமா? போகலாம். அதை மறைக்க விரும்பலை. வீட்டு நிலைமை காரணமா ஒருத்தர் திறந்து காட்டினால் அவரைக் குறை சொல்லவும் நமக்கு உரிமை இல்லை. அப்படிக் காட்ட நேர்ந்தால் போனைக் கையை விட்டுக் கொடுக்காதீங்க, சாட் பக்கத்தைத் திறக்காதீங்க, வெளியே வந்ததும் பாஸ்வேர்டை மாத்துங்க, "எல்லா சாதனத்திலும் லாக் அவுட்" கொடுங்க, கேட்டவர் பெயர், தேதி, கேட்ட விதம் மூணையும் எழுதி வைங்க.

சீசனுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலையும் இருக்கு. உங்க பெயரைத் தேடுபொறியில் போட்டு, லாகின் இல்லாமல் என்ன தெரியுதுன்னு பாருங்க. பப்ளிக்காக இருக்கும் ஒவ்வொன்றும் ரெஸ்யூமேயின் இரண்டாம் பக்கம் என்று நினைச்சுக்கங்க. ஒவ்வொரு கணக்குக்கும் வேறவேற பாஸ்வேர்டு, இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம்.

பயிற்சி: நீங்க என்ன செய்வீங்க?

(படிச்சதும் பதிலைப் பார்க்காமல், பக்கத்தில் இருப்பவரோடு பேசிட்டு வாங்க.)

1. தி.நகரில் ஒரு வேலை ஏஜென்சி. "உங்க ஜிமெயில் பாஸ்வேர்டைக் கொடுங்க, நாங்களே எல்லா கம்பெனிக்கும் அப்ளை பண்றோம்."

பதில்: கூடவே கூடாது. ஜிமெயில் போனால் அதோடு இணைஞ்ச அத்தனை கணக்கும் போகும். ரெஸ்யூமே பி.டி.எஃப். கொடுங்க, போதும். ஓ.டி.பி. கேட்டால் எழுந்து வந்துடுங்க. பணம் போயிருந்தா உடனே 1930 எண்ணுக்கு அழையுங்க.

2. அடையாறில் ஒரு ஸ்டார்ட்அப். சோசியல் மீடியா டிசைனர் வேலை. "நீங்க நடத்தும் பக்கத்தோட லிங்க் கொடுங்க."

பதில்: தாராளமா. வேலைக்கும் கேள்விக்கும் நேரடித் தொடர்பு இருக்கு, கேட்பதும் பொதுவில் இருப்பதைத்தான். சொந்த அக்கவுண்டை வேறயா, வேலை காட்டும் பக்கத்தை வேறயா வெச்சுக்கறது நல்லது.

3. இன்டர்வியூ முடிஞ்ச ராத்திரி, மயிலாப்பூர் ஆஃபீஸில் உங்களைப் பேட்டி கண்டவர் உங்க பூட்டின அக்கவுண்டுக்கு ஃபாலோ ரிக்வெஸ்ட் அனுப்புகிறார்.

பதில்: ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. பதிலும் சொல்லாமல் விடலாம், அல்லது லிங்க்ட்இன்னில் இணையலாம் என்று மரியாதையா எழுதலாம். மேற்கொண்டு தனி மெசேஜ் வந்தால், குறிப்பா தோழிகள், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ப்ளேஸ்மெண்ட் செல்லுக்குச் சொல்லுங்க. அது வேலைத் தேர்வு இல்லை, வேற விஷயம்.

4. வேலையில் சேர்ந்தாச்சு. கம்பெனி லேப்டாப்பில் சொந்த வாட்ஸ்அப்பைத் திறந்து வைக்கிறீங்க.

பதில்: கம்பெனி கேட்காமலே நாமே சாவியைக் கொடுப்பது இதுதான். கம்பெனி சாதனத்தைக் கண்காணிக்கலாம் என்று பல நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் இருக்கும், கையெழுத்துப் போடும்போது யாரும் படிக்கறதில்லை. சொந்த விஷயத்தைச் சொந்தப் போனில் வெச்சுக்கங்க.

கடைசியா ஒரு கோரிக்கை

ஒரு மாணவர் தனியா "முடியாது" என்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்க. கல்லூரியே முன்கூட்டிச் சொன்னால் அந்தக் கேள்வியே வராது. கேம்பஸுக்கு வரும் ஒவ்வொரு கம்பெனியும் ப்ளேஸ்மெண்ட் செல்லிடம் ஒரு படிவம் நிரப்பித் தருது. சம்பளம், பணியிடம், பாண்டு இருக்கா இல்லையா என்று எல்லாம் அதில் இருக்கு. அதில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி உங்க துறை ப்ளேஸ்மெண்ட் பிரதிநிதியிடம் கேளுங்க: "மாணவர்களின் தனிப்பட்ட கணக்குகளின் பாஸ்வேர்டு, ஓ.டி.பி., உள்நுழைவு ஆகியவற்றைத் தேர்வின் எந்தக் கட்டத்திலும் கேட்க மாட்டோம்."

நல்ல கம்பெனி எதுவும் இதில் கையெழுத்துப் போட யோசிக்காது. யோசிக்கும் கம்பெனி எது என்று தெரிஞ்சாலும் நமக்கு லாபம்தான். அடுத்த வாரம் ப்ளேஸ்மெண்ட் ஓரியண்டேஷனில் கேள்வி நேரம் இருக்கு. யாராவது ஒருத்தர் கையைத் தூக்குங்க, மத்தவங்க கூடவே தூக்குவோம்.

எல்லாருக்கும் ஆல் தி பெஸ்ட் மக்களே!